உங்கள் தட்டில் எத்தனை கிராம்?



திருச்செந்தூர் முருகன் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? கடலில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு எல்லாரும் நாழிக்கிணற்றுக்கு நடப்பார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், நல்ல தண்ணீர் ஊறும் குட்டிக் கிணறு அது. அதன் பெயரில் 'நாழி' என்று ஒரு சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? நம் முன்னோர் அரிசி அளந்த ஓர் அளவையின் பெயரும் அதுதான்!

அளவு என்று பேச்சு வந்துவிட்டது. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நேற்று மதியம் எவ்வளவு சோறு சாப்பிட்டீர்கள்?

"ஒரு தட்டு!"

"ரெண்டு கரண்டி!"

"வயிறு நிறைய!"

சரி... எந்தத் தட்டு? உங்கள் வீட்டிலேயே சின்னத் தட்டு, பெரிய தட்டு என்று நாலு விதம் இருக்குமே. எந்தக் கரண்டி? குவித்து அள்ளிய கரண்டியா, தலைதட்டிய கரண்டியா?

'வயிறு நிறைய' என்பது நல்ல பதில்தான். ஆனால், வயிறு நிறைந்துவிட்டால், உடம்புக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமா? அது அளந்து பார்த்தால்தான் தெரியும். எப்படி அளப்பது? வாருங்கள், பார்க்கலாம்.

முத்தை அளந்த ஊர்

திருச்செந்தூரும் தூத்துக்குடியும் இருக்கும் இந்தக் கடற்கரைக்கு 'முத்துக் கடற்கரை' என்று பெயர். பக்கத்தில் இருக்கும் கொற்கை, பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். கடலில் மூழ்கி முத்துச் சிப்பி எடுக்கும் முத்துக்குளித்தல், தூத்துக்குடியில் 1961 வரை நடந்தது.

சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளை வியாபாரிகள் கையில் வைத்துப் பார்த்து, "இது பெரிசு, அது சின்னது" என்று பிரித்துவிடவில்லை. அதற்கென்று பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 ஓட்டைகள். கடைசிச் சல்லடையில் 1000 ஓட்டைகள். ஓட்டைகளின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வோர் ஓட்டையும் சின்னதாகிக்கொண்டே போகும். எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ, அதுதான் அந்த முத்தின் அளவு.

பிறகு எடை. அதற்குச் சிவப்பு நிற மஞ்சாடி விதை இருந்தது. ஆனைக்குண்டுமணி என்றும் சொல்வார்கள். நாலு விதை சேர்ந்தால் ஏறக்குறைய 1 கிராம். விதைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பதால், அதையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள்.

ஏன் இத்தனை கவனம்? கண்ணை நம்பினால் ஏமாந்து போவோம் என்று அவர்களுக்குத் தெரியும்!

உணவிலும் கண் ஏமாற்றும், குட்டீஸ். ஒரே அளவுச் சோற்றைப் பெரிய தட்டில் பரப்பி வையுங்கள், கொஞ்சமாகத் தெரியும். சின்னக் கிண்ணத்தில் குவித்து வையுங்கள், நிறையத் தெரியும். வேண்டுமானால் இன்றே உங்கள் தம்பி, தங்கையிடம் சோதித்துப் பாருங்களேன்!

ஆழாக்கு, உழக்கு, நாழி

உங்கள் ஆச்சியிடமோ, தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் அரிசியை நிறுக்கமாட்டார்கள், அளப்பார்கள்.

2 ஆழாக்கு, 1 உழக்கு.
2 உழக்கு, 1 உரி.
2 உரி, 1 நாழி. இதைப் படி என்றும் சொல்வார்கள்.
8 நாழி, 1 குறுணி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறும். போதாததற்கு, படியைக் குலுக்கி அளந்தால் அரிசி அதிகம் பிடிக்கும். குலுக்காமல் அளந்தால் குறையும். குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் வேறு கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு டம்ளர் அரிசியும், ஒரு டம்ளர் அவலும் ஒரே எடையா? இல்லவே இல்லை! அவல் லேசானது. டம்ளர், படி எல்லாம் பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றுதான் சொல்லும். எவ்வளவு பொருள் இருக்கிறது என்று சொல்ல எடை வேண்டும்.

நாடு முழுவதும் ஒரே அளவு வேண்டும் என்று 1956ல் இந்தியாவில் சட்டம் வந்தது. 1958லிருந்து கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தன. அதனால்தான் இன்று திருச்செந்தூரிலும் ஒரு கிலோ, டெல்லியிலும் அதே ஒரு கிலோ!

குன்னூரில் எலிகளுக்கு விருந்து

உணவை அளந்து பார்க்கும் வேலையை இந்தியாவில் பெரிய அளவில் தொடங்கிய இடம் எது தெரியுமா? நம் தமிழ்நாட்டின் குன்னூர்!

1918ல் நீலகிரி மலையில் உள்ள குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியிருந்தவர்களுக்கு 'பெரிபெரி' என்ற நோய் வந்துகொண்டிருந்தது. கால் மரத்துப் போகும், நடக்க முடியாது. அந்த நோய்க்கும் உணவுக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

1920களில் அவர் ஒரு சோதனை செய்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபில் சீக்கியர்கள் சாப்பிடும் உணவு. முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி எல்லாம் அதில் உண்டு. இன்னொரு கூட்டத்துக்குச் சென்னை மாகாணத்து உணவு. தீட்டிய அரிசிச் சோறுதான் அதில் பிரதானம், பால் மிகக் குறைவு. இப்படியே வங்காளம், மராட்டியம் என்று ஒவ்வொரு பகுதி உணவையும் ஒவ்வொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். பிறகு எலிகளை எடை போட்டார்.

சீக்கியர் உணவு தின்ற எலிகள்தான் கொழுகொழுவென்று அதிக எடையோடு இருந்தன. கடைசி இடம் யாருக்கு? நம் சென்னை மாகாணத்து உணவு தின்ற எலிகளுக்கு!

எல்லாக் கூட்டமும் தின்றது உணவுதான். ஆனால் சோறு மட்டும் நிறைய இருந்து, கூட வர வேண்டியவை குறைந்துபோனால் வளர்ச்சி குறைகிறது. குன்னூர் எலிகள் சொன்ன பாடம் இதுதான்.

மெக்காரிசனுக்குப் பிறகு குன்னூர் கூடத்துக்குத் தலைமை ஏற்றவர் டபிள்யூ.ஆர்.அய்க்ராய்டு. நம் நாட்டு அரிசி, பருப்பு, கீரை, மீன் ஒவ்வொன்றிலும் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, 1937ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் அதைத் திருத்தி விரிவாக்கியவர்களில் முக்கியமானவர், சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன். அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958ல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017ல் அது வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன!

அந்த அட்டவணையிலிருந்து நமக்கு இன்று வேண்டிய இரண்டே இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம்.

100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 8 கிராம்.
100 கிராம் துவரம் பருப்பில் புரதம் சுமார் 22 கிராம்.

புரதம் என்பது உடம்பைக் கட்டும் செங்கல். நீங்கள் உயரமாவதற்கும், அடிபட்ட இடம் ஆறுவதற்கும் அதுதான் வேண்டும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். சீக்கிரமே ஒரு வேடிக்கை காட்டப் போகிறேன்.

எட்டயபுரத்தில் ஒரு மதிய உணவு

பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வழக்கம் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920லேயே தொடங்கியது. அப்போது கணக்கு, ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது. கிராமில் இல்லை, காசில் அளந்தார்கள்!

1956ல் முதலமைச்சர் காமராஜர், எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த எட்டயபுரம் இன்று நம் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பசியால் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். 1982ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம்.

இப்போது மத்திய அரசின் மதிய உணவு விதியைப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் ஒருவருக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். இதில் 12 கிராம் புரதம் கிடைக்க வேண்டும்.

கிடைக்கிறதா? நம்மிடம்தான் இரண்டு எண்கள் இருக்கின்றனவே!

100 கிராம் அரிசியில் 8 கிராம் புரதம். 20 கிராம் பருப்பில் 4 கிராமுக்குக் கொஞ்சம் கூட. இரண்டையும் கூட்டினால்... 12 கிராம்! விதி போட்டவர்கள் யாரோ குத்துமதிப்பாக எழுதவில்லை. அளந்து, கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம். புரதம் 20 கிராம் வேண்டும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். காய்கறியிலும் கொஞ்சம் புரதம் உண்டு, அதையும் மறக்காதீர்கள்!

ஒரு பள்ளியில் 60 பேர் என்றால் பருப்பு எவ்வளவு வேண்டும்? 60 பெருக்கல் 20, அதாவது 1200 கிராம். அளக்காமல் கைக்கு வந்தபடி 900 கிராம் போட்டால் என்ன ஆகும்? சாம்பார் கொஞ்சம் தண்ணீராகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொருவர் தட்டிலும் 5 கிராம் பருப்பு குறைந்திருக்கும். 1 கிராம் புரதம் போயிருக்கும். வயிறு நிறைந்துவிடும், ஆகவே யாருக்கும் தெரியாது. தராசுக்கு மட்டும்தான் தெரியும்!

அரிசி வேறு, சோறு வேறு

உணவை அளப்பவர்கள் எல்லாரும் முதலில் தவறுவது ஒரே இடத்தில்தான். அது என்ன தெரியுமா?

100 கிராம் அரிசியைச் சமைத்தால் 100 கிராம் சோறு வராது. ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் வரை சோறு வரும். கூடுதலாக வந்த எடை எல்லாம் தண்ணீர். குழையக் குழைய வடித்தால் இன்னும் கூடும்.

ஆகவே, 100 கிராம் சோறு சாப்பிட்டுவிட்டு, அட்டவணையில் அரிசிக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்தால், நாம் சாப்பிட்டதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கணக்கு வந்துவிடும்!

2022ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் விதியில் இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு மாணவருக்குச் சமைக்கும் முன் ரவையோ, சேமியாவோ, அரிசியோ 50 கிராம். சமைத்த பின் 150 முதல் 200 கிராம் உணவு. எவ்வளவு தெளிவு பாருங்கள்!

அப்படியானால், சமைத்த சோற்றிலிருந்து அரிசியைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்கும் வழி இருக்கிறது. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்காணிக்க 1972ல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் பணியாளர்கள் கையில் அளவு தெரிந்த கிண்ணங்களோடு கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். "நேற்று எவ்வளவு அரிசி போட்டீங்க? சமைத்த சோறு இந்தக் கிண்ணத்தால் எத்தனை கிண்ணம் வந்தது? யார் யார் எத்தனை கிண்ணம் சாப்பிட்டாங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அதே முறையை நீங்களும் செய்யலாம். வீட்டில் 400 கிராம் அரிசி போட்டார்கள். சோறு 10 கிண்ணம் வந்தது. நீங்கள் 3 கிண்ணம் சாப்பிட்டீர்கள். அப்படியானால், 400ஐ 10ஆல் வகுத்து, 3ஆல் பெருக்குங்கள். 120 கிராம் அரிசி! அவ்வளவுதான்.

தராசு இல்லையா? கவலை வேண்டாம்!

"எங்கள் வீட்டில் தராசு கிடையாதே..." என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பரவாயில்லை. இதோ மூன்று வழிகள்.

வழி 1: பாக்கெட்டை எண்ணுங்கள். ஒரு கிலோ அரிசி பாக்கெட்டைப் பிரித்ததும், வீட்டு டம்ளரால் தலைதட்டி அளந்து டப்பாவில் போடுங்கள். 5 டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 200 கிராம். பருப்புக்கும், பயறுக்கும் தனித்தனியாக இப்படி அளந்து எழுதி, டப்பா மேல் ஒட்டிவிடுங்கள். அம்மாவுக்கும் உதவும்!

வழி 2: சிரட்டைத் தராசு. ஒரே அளவான இரண்டு தேங்காய்ச் சிரட்டை, ஒரு நேரான குச்சி, கொஞ்சம் நூல் எடுங்கள். சிரட்டையில் துளை போட மட்டும் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். குச்சியின் இரண்டு நுனியிலும் சிரட்டையைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு நூல் கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். காலியாக இருக்கும்போது குச்சி சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால், மேலே தூக்கி நிற்கும் சிரட்டையில் ஒரு சின்னக் கல்லைப் போட்டுச் சரிசெய்யுங்கள்.

எடைக்கல்லுக்கு எங்கே போவது? அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது! ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை சுமார் 7.7 கிராம். 13 நாணயங்கள் சேர்ந்தால் 100 கிராம்! கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்ணீரும் எடைக்கல்தான். 100 மில்லி தண்ணீர், 100 கிராம். மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி இருந்தால் தண்ணீரை அளந்துகொள்ளலாம்.

வழி 3: நாட்களை எண்ணுங்கள். உப்பையும் எண்ணெயையும் தட்டில் அளக்க முடியாது. குழம்பில் கரைந்துவிடுமே! உப்பு விளையும் தூத்துக்குடிக்காரர்களான நமக்கு ஒரு சுலபமான கணக்கு. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 40 நாளில் தீர்ந்தால், 1000ஐ 40ஆல் வகுத்தால் 25. அதை 4ஆல் வகுத்தால் 6.25. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 கிராமுக்கு மேல்! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. இதில் கருவாடு, ஊறுகாய், சிப்ஸ், அப்பளம் எல்லாவற்றிலும் உள்ள உப்பு சேரவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

எண்ணெய் பாக்கெட்டிலும் இதே போல் தேதி எழுதிக் கணக்குப் போடலாம்.

இன்னும் மூன்று சின்னக் குறிப்புகள். கிண்ணத்தோடு நிறுத்தால் கிண்ணத்தின் எடையைக் கழித்துவிடுங்கள். மீனில் முள்ளும், பழத்தில் தோலும் வயிற்றுக்குள் போவதில்லை, அவற்றையும் கழியுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை இவ்வளவு என்று போட்டிருந்தால், அது 100 கிராமுக்கா, ஒரு பிஸ்கட்டுக்கா என்று பாருங்கள். உடன்குடி கருப்பட்டி என்றாலும் அதுவும் இனிப்புதான், கணக்கில் சேர்க்க வேண்டும்!

ஒரு நாள் கணக்கு

11 வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுச் சிறுமிக்கு ஒரு நாளைக்கு 33 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் சொன்ன அளவு. அவளுடைய ஒரு விடுமுறை நாள் நோட்டு இது. எல்லா எண்களும் ஏறக்குறையத்தான்.

காலை: 3 இட்லி, சட்னி. புரதம் 6 கிராம்.
மதியம்: 120 கிராம் அரிசிச் சோறு. 10 கிராம். ரசத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. உருளைக்கிழங்குப் பொரியல் 1 கிராம்.
மாலை: டீ, 2 பிஸ்கட். 2 கிராம்.
இரவு: 2 தோசை. 5 கிராம்.

மொத்தம் 24 கிராம். வேண்டியது 33. குறைவது 9!

மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாள். பசி இல்லை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும், கால் பங்குக்கு மேல் செங்கல் குறைகிறது. ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் இப்படியே போனால்?

சரி, எப்படி நிரப்புவது? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 20 கிராம் நிலக்கடலையில் சுமார் 5 கிராம். கூட்டினால் 11. கணக்கு நேராகிவிட்டது! முட்டை வேண்டாமா? முள் நீக்கிய 50 கிராம் சாளை மீனில் சுமார் 9 கிராம் கிடைக்கும். மீனும் சாப்பிடாத வீடா? ரசம் இருந்த இடத்தில் கெட்டிப் பருப்புக் குழம்பு, பிஸ்கட் இருந்த இடத்தில் அவித்த பயறு. முடிந்தது வேலை!

சோறும் பருப்பும் சேரும்போது இன்னொரு லாபம் உண்டு. அரிசியின் புரதத்தில் 'லைசின்' என்ற ஒரு பகுதி குறைவு. பருப்பில் அது நிறைய. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். குன்னூர் எலிகள் சொன்னதும் இதைத்தானே?

புரதம் ஒன்றை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை! எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டியது அது. கீரை, காய், பழம், பால் எல்லாமே தட்டில் வர வேண்டும். ஒரு நாள் உணவில் பாதி காயும் பழமுமாக இருக்கட்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. உங்கள் தட்டைப் பாருங்கள். பாதி இருக்கிறதா, ஓர் ஓரம்தான் இருக்கிறதா?

ஒரு முக்கியமான விஷயம்!

இதைக் கவனமாகப் படியுங்கள். குறைத்துச் சாப்பிடுவதற்காக நாம் அளக்கவில்லை. எது குறைகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அளக்கிறோம். உங்களுக்கு வளரும் வயசு. பசித்தால் சாப்பிட வேண்டும். "நான் குண்டாகிவிடுவேன்" என்று பயந்து சோற்றைக் குறைப்பதும், "உன்னைவிட நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன்" என்று போட்டி போடுவதும் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் தட்டைப் பார்த்துக் கேலி செய்வதும் கூடாது. எடை, உயரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டும், தராசிடம் இல்லை.

தினமும் அளக்கவும் வேண்டாம். மூன்று நாள் போதும். இரண்டு பள்ளி நாள், ஒரு விடுமுறை நாள். அதற்குள் உங்கள் கண்ணும் கையும் பழகிவிடும். உங்கள் வீட்டுக் கரண்டி எத்தனை கிராம், டம்ளர் எத்தனை கிராம் என்பது மனப்பாடம் ஆகிவிடும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, குட்டீஸ். நோட்டில் உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும்போது, எதிர்ப் பக்கத்தில் 'அம்மா' என்று எழுதுங்கள். கிண்ணக் கணக்கை அம்மாவுக்கும் போடுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவது யார்? சோறு 10 கிண்ணம், அம்மாவுக்கு எத்தனை வந்தது? குழம்பில் காய் இருந்ததா, வெறும் குழம்பா? முட்டையோ மீனோ அவர் தட்டுக்கு வந்ததா? "எனக்குப் போதும்ப்பா, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றுதான் அம்மா சொல்வார். நீங்கள்தான் இப்போது அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்களே! எழுதியதை அப்பாவிடம் காட்டுங்கள். அடுத்த நாள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.

என்ன குட்டீஸ், சிரட்டையைத் தேடக் கிளம்பிவிட்டீர்களா? முதல் பக்கத்தில் தேதி எழுத மறக்காதீர்கள்!